வீலர் ஓடையில் பதினெட்டு நிமிடம்

உலக வரலாற்றைப் புரட்டிப்போட்ட போர்கள் மொத்தம் மூன்று. முதல் இரண்டு எவை என்பதில் அறிஞர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. மூன்றாவது, நியூ ஜெர்ஸி மாநிலம் ஹார்லன் டவுன்ஷிப்பில், இன்றைய மருந்துக்கடைக்கும் இன்றைய வங்கிக்கும் நடுவே, 1777 ஜனவரியில் நடந்த வீலர் ஓடைச் சண்டை. இதில் ஹார்லன் டவுன்ஷிப்புக்குள் இரண்டாவது கருத்தே கிடையாது.

விவரம் கல்வெட்டில் இருக்கிறது. நாற்பது பிரிட்டிஷ் சிப்பாய்கள் குதிரைக்கு வைக்கோல் எடுக்க வந்தார்கள். பதினோரு விவசாயிகள் வேலிக்குப் பின்னாலிருந்து சுட்டார்கள். பதினெட்டு நிமிடம் கழித்து, அப்படியொன்றும் வைக்கோல் அவசரமில்லை என்று பிரிட்டிஷார் திரும்பிப் போனார்கள். உயிரிழப்பு, பிரிட்டிஷ் தரப்பில் ஒரு கார்ப்பொரல்; அமெரிக்கத் தரப்பில் ஒரு பசு. பசு வான்டர்வீர் குடும்பத்துடையது. அது எந்தத் தரப்பின் குண்டுக்கு விழுந்தது என்ற கேள்வியை அந்தக் குடும்பத்தாரிடம் இருநூறு வருடமாக யாரும் கேட்பதில்லை.

இந்த வீரம் ஆண்டுதோறும் அதே இடத்தில் நடித்துக் காட்டப்படும். ஜனவரியில் குளிர் என்பதால் போரை ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். போர் நினைவுக் குழுவின் தலைவரும் அமெரிக்கப் படையின் கேப்டனும் ஒருவரே, டக் வான்டர்வீர். வார நாட்களில் இவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கட்டி ஆண்டார். அந்தப் பிரிவில், ஜன்னல் இல்லாத பக்கத்தில், பதினான்காம் நம்பர் தடுப்புக்குள் உட்கார்ந்து இரண்டாயிரமாம் ஆண்டுக் கோளாறை வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தவர்தான் நம் மாவீரர் மயில்சாமி. பிறந்தது கோபிசெட்டிபாளையம் பக்கம். படித்தது கோயமுத்தூர். குடியிருப்பது வெஸ்ட் வின்ட்சரில் இரண்டாம் மாடி அபார்ட்மென்ட். மனைவி வசந்தாமணி. விசா எச்-1.

எச்-1 விசாவுக்கு ஆயுள் ஆறு வருடம். அதற்குள் கிரீன் கார்டு மனு நகர்ந்திருந்தால் தங்கலாம். நகராவிட்டால் சோபாவை யாருக்காவது கொடுத்துவிட்டு விமானம் ஏறலாம். 1998 மே மாதம் மயில்சாமிக்கு ஐந்து வருடம் முடிந்திருந்தது. மனு தயார். ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. போடவேண்டியவர் டக். ஏழு வாரமாக மனு அவர் மேஜையில் ஒரு காபி மக்குக்குக் கீழே இருந்தது. மக்கில், வீரமரணம் அடைந்த பசுவின் படம்.

ஒரு நாள் டக் கூப்பிட்டார். (அவர் பேசியது ஆங்கிலம், வாசகர் வசதிக்காக அவருக்கும் தமிழ் கற்பிக்கப்பட்டிருக்கிறது.)

"மைக்," என்றார். மயில்சாமி என்ற பெயர் அலுவலக நேரத்தில் நீளமாக இருந்ததால் நிறுவனம் அதைச் சிக்கனப்படுத்தியிருந்தது. "உன் பேப்பரைப் படிச்சேன். ஒரு வரியில மாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அந்த வரி: 'இந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கர் எவரும் கிடைக்கவில்லை.'

"விளம்பரம் குடுத்தமே டக். ஒருத்தரும் வரலையே."

"மூணு நாள் குடுத்தோம். இருபத்தேழு கோடிப் பேர் இருக்கிற நாடு, மைக். ஒருத்தன்கூட இல்லைன்னு மனசறிஞ்சு எப்படிக் கையெழுத்துப் போடறது? நாங்க ஒரு பசுவையே குடுத்த குடும்பம்."

பசு என்றதும் மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டார். டக் ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எனக்கு வேற கவலை. ரெட்கோட்டுக்கு, அதான் பிரிட்டிஷ் படைக்கு, ஆள் இல்லை. போன வருஷம் அமெரிக்கப் படையில நாப்பத்தெட்டு பேர், பிரிட்டிஷ் பக்கம் மூணே பேர். அதுல ஒருத்தர் பல் டாக்டர். ஆறாவது நிமிஷத்துல பேஷன்ட் வந்துட்டாங்கன்னு போயிட்டார். ஜனங்க ஹாட் டாக் சாப்பிட்டு முடிக்கல, போர் முடிஞ்சுபோச்சு. மூணு வருஷமா பேப்பர்ல விளம்பரம் போடறேன். தோக்கறதுக்கு இந்த ஊர்ல ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்."

சட்டென்று திரும்பினார். "நீங்கல்லாம் முன்னே பிரிட்டிஷ்தானே?"

மயில்சாமி யோசித்தார். "பிரிட்டிஷ்காரங்ககிட்ட இருந்தோம்."

"அதேதான். அனுபவம் இருக்கு. எனக்கு இருபது பேர் வேணும், மைக். பதினெட்டு நிமிஷம் நிக்கணும். வரலாறு பதினெட்டு நிமிஷம். நீ நின்னு காட்டு. மறுநாள் திங்கக்கிழமை, பேப்பரைப் பத்தி உக்காந்து பேசுவோம்."

சொல்லும்போது அவர் கை மக்கைத் தடவிக் கொடுத்தது.

மறு சனிக்கிழமை மத்திய ஜெர்ஸி முத்தமிழ் மன்றத்தின் அவசரக் கூட்டம், தலைவர் டாக்டர் வாஞ்சிநாதன் வீட்டு பேஸ்மென்ட்டில் கூடியது. டாக்டர் மயக்க மருந்து நிபுணர். மேடையிலும் தொழிலை விடமாட்டார். நாற்பது நிமிட முன்னுரைக்குப் பிறகு, 'அமெரிக்க விடுதலைப் போரில் மன்றம் கலந்துகொள்வது' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல்.

"மிஸ்டர் மயில்சாமி," என்றார் டாக்டர், "நான் எண்பத்தொன்பதுலயே சிட்டிசன். நெவார்க்ல ஜட்ஜ் முன்னாடி நின்னு, வலது கையைத் தூக்கி, இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவேன்னு பிரமாணம் எடுத்திருக்கேன். அதே கையால அமெரிக்காவைச் சுடச் சொல்றேளா?"

"அது நாடகமுங்க டாக்டர்."

"பிரமாணத்துல நாடகம் நீங்கலாகன்னு போடலையே!"

பேஸ்மென்ட்டில் இருந்த சிட்டிசன்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து எழுந்தவர் சேனாபதி. அவர் கிரீன் கார்டு. "எனக்கு சிட்டிசன்ஷிப் ஃபைல் பென்டிங்ல இருக்கு சார். இந்த நேரத்துல சிவப்புக் கோட்டைப் போட்டு ஒரு போட்டோ வந்ததுன்னு வைங்க, இன்டர்வியூல எடுத்து முன்னாடி வெப்பான். நான் அமெரிக்கன் சைடுல முரசு வேணா அடிக்கிறேன்."

இப்படியாக, உலகில் எந்தப் படைக்கும் வாய்க்காத ஓர் ஒழுங்கு பிறந்தது. சிட்டிசன்கள் அமெரிக்கப் படையில் துப்பாக்கியோடு நிற்பது. கிரீன் கார்டுக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால், முரசு, கொடி முதலியவற்றோடு. மாணவர் விசாக்காரர்கள் போர் புரியலாம், ஆனால் வாரம் இருபது மணி நேரத்துக்கு மிகாமல், கல்லூரி வளாகத்துக்குள் மட்டும். எச்-4 மனைவிமார்களுக்குப் போர் புரிய அனுமதி இல்லை, சீருடை தைக்கலாம். மீதி இருந்த எச்-1கள் இருபது பேர். இருபது பேரும் பிரிட்டிஷ் பேரரசு, கேப்டன் மயில்சாமி.

"அப்ப சரியா இருபது!" என்று டாக்டர் மகிழ்ந்தார். "பாருங்கோ, எல்லாம் எப்படிப் பொருந்தி வர்றது!"

பேரரசின் இளைய சிப்பாய் சுப்பையன். மயில்சாமி ஊருக்கு நாலு மைல் தள்ளிப் பிறந்தவன். அதே அலுவலகத்தில் பதினாறாம் நம்பர் தடுப்பு. பிரம்மச்சாரி என்பதால் வாரம் மூன்று வேளை வசந்தாமணி சமையல். போருக்குப் பத்து நாள் முன்பு அவன் பச்சைப்பயறு கடைசலைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தபோது, வசந்தாமணி ஒரு படிவத்தோடு சமையலறையிலிருந்து வந்தாள். அவள் கணிதத்தில் எம்.எஸ்ஸி., தங்கப் பதக்கம். எச்-4இல் வேலைக்குப் போகக்கூடாதாகையால் அந்த மூளை முழுவதும் குடியேற்றப் படிவங்களின் மேல் பாய்ந்திருந்தது.

"ஏனுங்க, இதைப் படிச்சீங்களா? கடைசிப் படிவத்துல ஒரு கேள்வி. 'அமெரிக்க அரசாங்கத்தை ஆயுத பலத்தால் கவிழ்க்க நீங்கள் எப்போதாவது முயன்றது உண்டா?' ஆம், இல்லை."

சுப்பையன் கையிலிருந்த உருண்டை பாதி வழியில் நின்றது. "ஏனுங்க்கா, அன்னிக்கு நாம சுடறது அமெரிக்காவைத்தானுங்களே?"

"அது வெளையாட்டுடா," என்றார் மயில்சாமி.

"வெளையாட்டுக்குன்னு அதுல ஒரு கட்டம் இருக்குங்களா?"

வசந்தாமணி தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லியே. ஆம், இல்லை. அவ்வளவுதான்."

"ஆம்னு போட்டா?"

"ஏரோப்பிளேன்."

"இல்லைன்னு போட்டா?"

"பொய். அதுக்கும் ஏரோப்பிளேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போடற? முயற்சி பண்ணினாத்தானே குத்தம்? மொதக் குண்டுக்கே செத்து விழுந்துட்டீன்னா முயற்சியே இல்லை போ."

மயில்சாமி வாய்விட்டுச் சிரித்தார். சுப்பையன் சிரிக்கவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும் என்று மயில்சாமி பின்னால் பலமுறை வருந்தினார்.

போர் நாளும் வந்தது. வெயில் தொண்ணூற்றி நாலு டிகிரி. பதினேழு பேருக்கு எச்-4 மகளிர் அணி சிவப்புப் பருத்தியில் கோட்டு தைத்திருந்தது. துணி போதாத மூவர் கோயிலுக்கு உடுத்தும் செவ்வாடையில் வந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அவர்களே அசல் பிரிட்டிஷார் போல இருந்தார்கள். வரலாற்று நீதி கருதி, வெடிமருந்து போட்ட உண்மைத் துப்பாக்கிகள் அமெரிக்கர்களுக்கு மட்டும். பிரிட்டிஷாருக்கு மரத்துப்பாக்கி, 'டுமீல்' என்பதை அவரவர் வாயாலேயே சொல்லிக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் முன்பே அனுப்பியிருந்த போர் விதிகளை டக் ஒலிபெருக்கியில் வாசித்தார். ஒன்று, யாரும் யார் முகத்தையும் குறி பார்க்கக்கூடாது. இரண்டு, பிரிட்டிஷ் கேப்டன் பதினெட்டாவது நிமிடம் வரை சாகவோ ஓடவோ கூடாது. மூன்று, அமெரிக்கர் எவரும் சாகக்கூடாது, வரலாற்றில் சாகவில்லை. நான்கு, செத்தவர்கள் ஊதல் ஊதும் வரை எழுந்திருக்கவோ பேசவோ கூடாது. குண்டு இல்லாத போரில் யார் எப்போது சாவது என்ற முடிவு முழுக்க முழுக்கச் சுடப்படுபவரின் பொறுப்பு.

ஊதலுக்கு முன் டாக்டர் வாஞ்சிநாதன் களத்தின் நடுவே வந்து, முக்கோணத் தொப்பிக்குக் கீழே விபூதி மின்ன, இருதரப்புப் படைகளையும் வரவேற்றுப் பதினோரு நிமிடம் பேசினார். பிறகு டக்குக்கு ஒரு ஜரிகைப் பொன்னாடை போர்த்தினார். அதை எப்போது கழற்றலாம் என்று யாரும் சொல்லாததால் டக் அதோடே போருக்குப் போனார்.

ஊதல் ஊதியது. ஓடைக்கு அந்தப் பக்கம் அறுபத்திரண்டு அமெரிக்கர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். இந்தப் பக்கம் இருபது பிரிட்டிஷார், முன்னால் கேப்டன் மயில்சாமி. சேனாபதி முரசில் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

பத்தொன்பது பேர் செத்து விழுந்தார்கள்.

களம் ஒரு கணம் திகைத்தது. "யோவ், இன்னும் சுடவே ஆரம்பிக்கலையேய்யா!" என்று டாக்டரின் குரல் ஓடையைத் தாண்டி வந்தது.

மயில்சாமி திரும்பிப் பார்த்தார். அவருடைய பேரரசு புல்லில் வரிசையாகப் படுத்திருந்தது. சிலர் முன்கூட்டியே நிழல் பார்த்து விழுந்திருந்தார்கள். சுப்பையன் வசந்தாமணி சொன்ன சட்ட நுணுக்கத்தைப் பத்து நாள் முன்பே பதினெட்டு பேருக்கும் ஈ-மெயில் போட்டிருந்தான் என்பதும், கேப்டன் சாகக்கூடாது என்ற விதியால் கேப்டனை மட்டும் அதில் சேர்க்கவில்லை என்பதும் பிறகு தெரியவந்த செய்திகள்.

"சுப்பு! எந்திரிடா!"

சுப்பையன் கண்ணைத் திறக்கவில்லை. "செத்தவங்க பேசக்கூடாதுங்ணா. ரூல் நாலு."

"இப்பப் பேசுனயேடா!"

சுப்பையன் கைகளை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டான்.

"டேய், என்ற கிரீன் கார்டுடா! பதினெட்டு நிமிஷம் நிக்கோணும்டா!"

"எங்களுதும் கிரீன் கார்டுதானுங்ணா," என்றது அடுத்த பிணம்.

மயில்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதிரே அறுபத்திரண்டு துப்பாக்கிகள், அதில் பதினான்கு முத்தமிழ் மன்றத்துடையவை. மேஜையில் ஒரு மக்கு. மக்குக்குக் கீழே ஒரு தாள். அவர் மரத்துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

"டுமீல்," என்றார்.

அறுபத்திரண்டு பேரும் ஒரே ஆளை நோக்கிச் சுட்டார்கள். புகை கலைந்தது. மயில்சாமி நின்றுகொண்டிருந்தார். மறுபடி சுட்டார்கள். மறுபடி நின்றார். செத்துவிட்டால் எல்லாம் போச்சு என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்த சிப்பாய் உலகப் போர் வரலாற்றில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

"மயில்சாமி, பொறுத்துக்கறதுக்கு ஒரு அளவு வேண்டாமா? விழுங்கோ!" என்று டாக்டர் கத்தினார். "நான் நேரா நெஞ்சுக்குத்தான் சுட்டேன்!"

"தப்பிப்போச்சுங்க டாக்டர்! டுமீல்!"

ஏழாவது நிமிடத்தில் தொண்டை வறண்டு, 'டுமீல்' வெறும் காற்றாக வந்தது. அப்போது கூட்டத்திலிருந்து வசந்தாமணி ஒரு சொம்பு மோரோடு கயிற்றுக்கு அடியில் குனிந்து களத்துக்குள் வந்தாள். குண்டுகளுக்கு நடுவே பதற்றமில்லாமல் நடந்துவந்து, கணவர் பக்கத்தில் நின்றாள்.

"குடிங்க. பதினோரு நிமிஷம் இருக்குது."

"நீ எதுக்கு வந்தே? எச்-4 சண்டை போடக்கூடாது."

"நான் சண்டை போடலீங்க. எண்ணீட்டிருக்கேன். அதுக்கு எந்தப் படிவத்துலயும் தடை இல்லை. பத்து நிமிஷம் அம்பது செகண்ட்."

அவள் எண்ணினாள், அவர் சுட்டார். ஹாட் டாக் வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டு வந்தார்கள். அறுபத்திரண்டு பேரை ஒற்றை ஆளாக, மோர் குடித்துக்கொண்டு எதிர்க்கும் ஒருவரை ஹார்லன் டவுன்ஷிப் பார்த்ததில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் யாரோ ஒரு கிழவர், "விடாதே, ரெட்கோட்!" என்று கத்தினார். பதினைந்தாவது நிமிடத்தில் கூட்டமே கத்தியது. அமெரிக்க மண்ணில், அமெரிக்க விடுதலைப் போரில், அமெரிக்க மக்கள் ஒருமனதாகப் பிரிட்டிஷ் பக்கம் சாய்ந்தார்கள்.

டக்கின் முகம் பிரிட்டிஷாரின் கோட்டுகளைவிடச் சிவந்தது. "தாக்கு!" என்று வாளை உருவிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். பாசிக் கல்லில் ஒரு கால் வழுக்கியது. இன்னொரு கால் பொன்னாடையில் சிக்கியது. வான்டர்வீர் குடும்பம் இரண்டாவது முறையாகக் களத்தில் விழுந்தது.

"பதினெட்டு," என்றாள் வசந்தாமணி.

விதிப்படி மயில்சாமி இப்போது பின்வாங்கி ஓடவேண்டும். ஆனால் மேலதிகாரி தண்ணீரில் கிடக்கிறார். எந்த நல்ல ஊழியனும் செய்வதையே அவரும் செய்தார். ஓடைக்குள் பாய்ந்து, கைக்கு எட்டிய பொன்னாடையைப் பற்றி, டக்கைத் தூக்கி நிறுத்தினார். உள்ளூர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரர் அந்தக் கணத்தைத்தான் எடுத்தார். திங்கட்கிழமை முதல் பக்கத்தில், அமெரிக்கத் தளபதியின் கழுத்துத் துணியைப் பிடித்திருக்கும் மயில்சாமியின் படம். தலைப்பு: '221 ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டிஷ் வெற்றி'.

திங்கட்கிழமை காலை டக்கின் அறைக்குள் போகும்போது மயில்சாமி மனசுக்குள் சோபாவை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார். பத்திரிகை மேஜையில் விரிந்திருந்தது.

"வரலாற்றை மாத்திட்டே, மைக்."

"சாரி டக்."

"எத்தனை நிமிஷம்?"

"பதினெட்டு நிமிஷம் நாலு செகண்ட். வசந்தா எண்ணினா."

டக் மக்கில் இருந்த பசுவைப் பார்த்தார். "தண்ணிக்குள்ள கிடக்கும்போது ஒண்ணு தோணிச்சு. என் பக்கம் அறுபத்திரண்டு பேர். அதுல ஒருத்தனைக் கூப்பிட்டு, அந்தக் கரையில போய் நின்னு, வெயில்ல, மரத்துப்பாக்கியோட, பதினெட்டு நிமிஷம் அடி வாங்குடான்னா போவானா? மூணு வருஷ விளம்பரம், மைக். மூணு நாள் இல்லை." மக்கைத் தூக்கினார். தாளில் வட்டமாக ஒரு காபிக் கறை. அந்த வரியை விரலால் தொட்டு வாய்விட்டுப் படித்தார். "'இந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கர் எவரும் கிடைக்கவில்லை.' இப்ப மனசறிஞ்சு போடலாம்."

போட்டார். எந்த வேலைக்கு என்று இருவருமே விவாதிக்கவில்லை.

"ஆனா கார்டு வர்ற வரைக்கும் நீதான் பிரிட்டிஷ்," என்றார் டக்.

அவ்வாறே ஆயிற்று. 1999இலும் 2000இலும் மயில்சாமி முறைப்படி, கண்ணியமாக, பதினெட்டு நிமிடம் தோற்றார். இடையில் இரண்டாயிரமாம் ஆண்டு எந்தக் கோளாறும் இல்லாமல் பிறந்துபோனது. அந்தச் சேவைக்காக அவருக்குப் பிரிவு மேலாளர் பதவி கிடைத்தது. 2001 மார்ச்சில் கிரீன் கார்டு வந்தது. பரிசாக டக் தன் மக்கையே கொடுத்தார். வசந்தாமணிக்கும் கார்டு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் நடத்தப் போனாள். வீட்டுக்குப் புதுச் சோபா வந்தது.

ஜூன் மாதம் ஒரு நாள் சுப்பையன் மேலாளர் அறைக் கதவைத் தட்டினான். அவனுக்கு ஐந்து வருடம் முடிந்திருந்தது.

"ஏனுங்ணா, என்ற பேப்பரு..."

"படிச்சேன் சுப்பு," என்றார் மயில்சாமி. பேப்பர் மக்குக்குக் கீழே இருந்தது. "ஒரு வரியில நிக்கறேன். 'அமெரிக்கர் எவரும் கிடைக்கவில்லை'ங்கறான். சட்டப்படி கிரீன் கார்டுக்காரனும் அந்தக் கணக்குலதான் வர்றான். இப்ப நானே ஒருத்தன் இருக்கறனே! மனசறிஞ்சு எப்புடிப் போடறது?"

சுப்பையன் மக்கில் இருந்த பசுவைப் பார்த்தான்.

"அதை உடு. டக் இந்த வருஷம் உன்னையத்தான் கேப்டனாப் போடச் சொல்றார். நீ ஒரு பதினெட்டு நிமிஷம் நின்னு காட்டு. திங்கக்கெழமை உக்காந்து பேசுவோம்."

ஞாயிற்றுக்கிழமை மயில்சாமி ஓடையைத் தாண்டினார். பாலம் இருந்தது; நனையவில்லை. "வாங்கோ, வாங்கோ, நம்ம பக்கம்!" என்று டாக்டர் வாஞ்சிநாதன் கட்டிக்கொண்டார். சேனாபதி சிட்டிசன் ஆகித் துப்பாக்கிக்கு உயர்ந்துவிட்டதால் முரசு காலியாக இருந்தது. ஆனால் மூன்று வருட அனுபவம் கருதி, மயில்சாமிக்கு விசேஷ அனுமதியில் துப்பாக்கியே கிடைத்தது.

"ஏனுங்க," என்றாள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற வசந்தாமணி, "அந்தக் கரையில நின்னவங்க நீங்க. பாத்துச் சுடுங்க."

"போருன்னா போருதான் வசந்தா. நாட்டுக்கு உண்மையா இருக்கோணுமல்ல?"

ஊதல் ஊதியது. எதிர்க்கரையில் பேரரசு வழக்கம்போல மொத்தமாகச் செத்து விழுந்தது. சுப்பையன் மட்டும் நின்றான். டக் சுட்டார், நின்றான். டாக்டர் சுட்டார்; நின்றான். மூன்றாவது நிமிடம், புகைக்கு நடுவே, மயில்சாமி நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டார்.

சுப்பையன் சுட்டவர் முகத்தைப் பார்த்தான். விழுவது சுடப்படுபவரின் பொறுப்பு. ஆனால் சுட்டவர் மேலாளராயிற்றே. மேலாளரின் குறி தப்பிப்போச்சு என்று எந்த எச்-1 சொல்ல முடியும்? கோட்டு கசங்காமல், மெதுவாக, மரியாதையாக விழுந்தான்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. வெற்றி பெற்ற படை ஓடையைத் தாண்டிப் போனது. மயில்சாமி பிணங்களுக்கு நடுவே நடந்தபோது காலடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்ணா, நீங்க சுட்டீங்கன்னுதானுங்க விழுந்தேன். பதினெட்டு நிமிஷம்னு ஒண்ணு இருந்துச்சே. அப்ப நாளைக்கு என்ற பேப்பரு?"

மயில்சாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவர் எப்போதும் விதிகளை மதிப்பவர்.

"செத்தவங்க பேசக்கூடாது சுப்பு. ரூல் நாலு."